பட்டன் எந்தப் பக்கம்

"காலர் ஓரத்துல நூல் தொங்குது. கண்ணை எங்க அடகு வச்சீங்க?" என்றாள் கட்டிங் மாஸ்டர். கணவர் நூலைப் பல்லால் கடித்தார். "கத்தரி இத்தனை இருக்கு, உங்களுக்குப் பல்லுதான் கிடைச்சுதா?" என்று சிரித்தபடி விளக்கை அணைத்தாள். கடையில் அவர்கள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். மறுநாள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

தெருவே அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டது, அவரும் அப்படியே. அவள் வெட்டுவாள், அவர் தைப்பார். அவள் வெட்டிக் கொடுத்ததை ஏன், எதற்கு என்று அவர் கேட்டதே கிடையாது.

அதற்குச் சில வருடம் முன்பு, புற்றுநோயால் அவளது வலது மார்பை எடுத்த பிறகு வலது கை வீங்கிப்போனது. கனமான கத்தரியை இனி தொடக்கூடாது என்றார் டாக்டர் அம்மா. கொஞ்ச நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிறகு இடக்கைக்காரர்களுக்கான கத்தரி ஒன்றை வாங்கி வரச் சொன்னாள். வீட்டிலிருந்த பழைய செய்தித்தாள் அத்தனையும் நார் நாராகக் கிழிந்தது. கை படிந்ததும் முதலில் வெட்டியது தபால்காரரின் சட்டையை. இடது கைக்கு வசதியாக மேசையின் எதிர்ப்பக்கம் போய் நின்று வெட்டியதில் பட்டன் பட்டியும், பட்டன் நுழையும் காஜா பட்டியும் இடம் மாறிவிட்டன. கணவரும் வழக்கம்போல வாய் திறக்காமல் தைத்து முடித்தார்.

"என்ன மாஸ்டர், என் சம்சாரத்தோட சட்டையை எனக்குக் கொடுத்துட்டீங்களா? இடது கையாலதான் பட்டன் போட வேண்டியிருக்கு!" என்றார் தபால்காரர்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அடித்த கை அப்படியே நின்றது. "அண்ணே, இன்னொரு தடவை போட்டுக் காட்டுங்க."

தபால்காரர் போட்டுக் காட்டினார். பட்டன் இருக்கும் பக்கத்துக் கைக்குத்தான் வேலை அதிகம். அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

அடுத்த முறை சிகிச்சைக்காக ஆஸ்பத்திரி வார்டுக்குப் போனபோது அளவு டேப்போடு போனாள். ஒவ்வொரு பெண்ணிடமும் முதலில் கேட்டது, "எந்தப் பக்கம்?" என்றுதான். வலியில்லாத கையின் பக்கம் பட்டன். தழும்பின் மேல் தையல் படாது. அக்குளில் தாராளமாக இடம். முன்பக்கத் துண்டு இரண்டும் தனித்தனி அளவில்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்ட வேணாமாக்கா?" என்றாள் ஒரு டீச்சர்.

"உடம்புக்குத்தான் சட்டை. சட்டைக்கு உடம்பு இல்லம்மா."

அந்த டீச்சர் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, யார் உதவியும் இல்லாமல் ஒவ்வொரு பட்டனாகப் போட்டாள். பக்கத்துக் கட்டில்காரி விசிலடித்தாள். மாஸ்டருக்கு அன்றைக்கு முகமெல்லாம் பல்.

நோய் எலும்புக்குப் பரவியபோது, இன்னும் கடுமையான மருந்து ஒன்று இருப்பதாக டாக்டர் அம்மா சொன்னார். சில மாதம் கூடக் கிடைக்கலாம்.

"விரல் மரத்துப் போகுமா?"

"போக வாய்ப்பிருக்கு."

"அப்ப கத்தரி பிடிக்க முடியாதே. வேணாம் டாக்டர். வலிக்கு மட்டும் மருந்து கொடுங்க."

வெளியே வந்ததும் கணவர் உடைந்துபோனார். "இன்னும் கொஞ்ச நாள் என்கூட இருக்கலாமே மாஸ்டர்."

"இருக்கத்தான் போறேன். படுத்துக்கிட்டு இல்ல. உங்க எதிர்ல நின்னு வெட்டிக்கிட்டு."

வாழ்நாளில் முதல் தடவையாக அவள் வெட்டியதை எதிர்த்துக் கேட்க நினைத்தார். அவள் இடது கை மேசையில் இருப்பதைப்போல காற்றில் எதையோ வெட்டிக்கொண்டிருந்தது. அவர் கேட்கவில்லை.

சொன்னபடியே நின்றாள். கால் வலித்தால் ஸ்டூலில் உட்கார்ந்து வெட்டினாள். துணி சுமக்க அவரை விரட்டினாள். கடைசி வாரத்தில்கூட வார்டுக்கு இரண்டு சட்டை போனது.

அவள் போன பிறகு அவர் மேசைக்கு வந்து நின்று பார்த்தார். அவளுடைய இடக்கைக் கத்தரி அவரது வலது கையில் துணியை மடக்கியதே தவிர வெட்டவில்லை. தன் கத்தரியை எடுத்துத் தானே வெட்டப் பழகினார். முதல் ஆளாக வந்தவர் தபால்காரர்.

"பட்டன் எந்தப் பக்கம் வைக்கட்டும்?" என்று அவரிடம் கேட்டார்.

தபால்காரர் தான் போட்டிருந்த பழைய சட்டையின் இடது ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். "மாஸ்டர் வச்ச பக்கம்தான். இனிமே மாத்தினா எனக்குப் போடத் தெரியாது."

இன்றும் தபால்காரர் இடது கையால்தான் பட்டன் போடுகிறார்.