வெண்கலச் சுண்டுவிரல்

நூலக வாசலில் பெரிய சிலை ஒன்று வைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்தே தலைமை நூலகருக்கு மனசு ஒப்பவில்லை. என்ன சிலை என்று கேட்டால், "ஒரு பொம்பளை படிக்கிற மாதிரி மேடம்" என்பதோடு சிற்பி நிறுத்திக்கொண்டான். வரைபடத்தைக் கேட்டபோது, "வச்சதும் பாருங்களேன்" என்று சிரித்து மழுப்பினான். மூடி மறைக்கிற ஆட்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. வீட்டில் தங்கை அலமாரியைப் பூட்டினால்கூட ஏன் என்று கேட்டுவிடுவாள்.

புருஷனோடு ஒத்துவராமல் பிரிந்து வந்த தங்கை அவளோடுதான் இருந்தாள். மருந்துக்கடையில் வேலை. சில மாதங்களாக வீடு திரும்ப இருட்டிவிடுகிறது. கேட்டால், "கடையில ஸ்டாக் எடுக்கிறாங்கக்கா" என்பாள். அப்படி என்ன எடுத்து மாளாத ஸ்டாக் என்று அக்காவுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

லாரி வந்தது. தார்ப்பாய் சுற்றிய வெண்கலத் துண்டுகளைக் கிரேனில் தூக்கி, பீடத்தின்மேல் ஒவ்வொன்றாகப் பொருத்தினார்கள். வாசிப்பறை ஜன்னலில் நின்று அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். பீரோ அளவுக்கு ஒரு கை ஜன்னலுக்கு நேராக எழும்பியபோது, காற்றில் தார்ப்பாய் விலகியது. சுண்டுவிரல் நுனி வெளிப்பக்கமாகக் கோணியிருந்தது.

சின்ன வயதில் தங்கைக்குக் கதவிடுக்கில் நசுங்கிக் கோணிப்போன அதே விரல். அன்று அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய அக்காவுக்கு அது தெரியாதா? விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனாள்.

"இது யாரோட கை?"

"கைன்னா கைதான் மேடம்," என்றான் சிற்பி.

"விரல் ஏன் கோணலா இருக்கு?"

"நேரா இருந்தா பொம்மை மாதிரி ஆயிடும்." கிரேன்காரரிடம் ஏதோ சொல்லப்போகிறவன் போல நழுவிவிட்டான். அவன் காது சிவந்திருந்ததை அவள் பார்க்காமல் இல்லை.

அன்று சாப்பிடும்போது, "ஸ்டாக் எடுத்து முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

தங்கை தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "பார்த்துட்டியா?"

"கையைப் பார்த்தேன். இன்னும் என்னென்ன பார்க்கணும்?"

"கையை மாதிரிக்குக் காட்டச் சொன்னாரு. போய் உக்காந்தேன். அவ்வளவுதான்."

"ஒரு கைக்கு இத்தனை மாசமா?"

தங்கை எழுந்து தட்டைக் கழுவப் போனாள். வேண்டுமென்றே குழாயை முழுசாகத் திறந்துவிட்டது போலிருந்தது.

மறுநாள் சிலையின் தலை பீடத்துக்கு ஏறியது. வாசகர்கள் எல்லாம் வெளியே வந்து அண்ணாந்து நின்றார்கள். முகமும் தங்கையுடையதாக இருந்துவிட்டால் ஊர் வாயை எதைக் கொண்டு மூடுவது என்று அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள். தார்ப்பாயை அவிழ்த்தார்கள். வயதான, யாரென்று தெரியாத ஒரு பெண்ணின் முகம். அப்பாடா என்று மூச்சுவிட்டாள்.

விட்ட மூச்சு பாதியில் நின்றது. எல்லாரும் சிலையைப் பார்க்க, சிற்பி மட்டும் கூட்டத்தின் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே, கடைக்குப் போகிறேன் என்று காலையில் கிளம்பிய தங்கை நின்றிருந்தாள்.

அக்கா பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் அவளே பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, அடுத்த வாரம் இவரு தன் ஊருக்குப் போறாரு. நானும் போறேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா விசாரணை வைப்ப."

பொய் சொன்னதைவிட, உண்மையைச் சொல்லப் பயந்திருக்கிறாளே என்பதுதான் அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது.

"ஆளு நல்லவரா?"

"இப்போதைக்கு நல்லவராத்தான் தெரியிறாரு. ஒரு தடவை பட்டவக்கா நான். கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுத்தான் போறேன்."

அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே சிற்பியிடம் போனாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றான்.

"நாளைக்கு வீட்டுக்குச் சாப்பிட வாங்க," என்றாள். "கொஞ்சம் சீக்கிரமாவே வந்துடுங்க. கேக்க வேண்டியது நிறைய இருக்கு."