முந்நூற்று அறுபத்திரண்டு தடவை

அந்த வருஷம் என் வலது மணிக்கட்டு ஒரு வழியாகிவிட்டது. சோதனைக் குழாயைக் கவிழ்த்துக் கவிழ்த்து வந்த வலி. ஒரு குழாய்க்கு இருநூறு தடவை, அவசரமே இல்லாமல் தலைகீழாக்கி நிமிர்த்த வேண்டும். "ஏன், கலக்குறதுக்கு உங்க ஆபீஸ்ல ஒரு மெஷின் கூடவா இல்ல?" என்று என் வீட்டுக்காரர் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டார். மெஷின் இருக்கிறது. மூன்று இருக்கின்றன. பிரச்சினையே அதுதான் என்று புரிய எங்களுக்கு ஆறு வருஷம் பிடித்தது.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். உடம்பில் இருக்கும் டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துகளால் எழுதிய மிக நீளமான நூல். அதைப் படிக்கும் மெஷின்கள் வந்து வெகுநாளாகிவிட்டது. ஆனால் வழக்கமான மெஷின் அதை முழுசாகப் படிக்காது. சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்துப் படித்து, பிறகு ஒட்டிப் பார்க்கும். பெரும்பாலான இடங்களுக்கு அது போதும். சில இடங்களில் மட்டும் அதே மூன்று எழுத்து திரும்பத் திரும்ப வரும். பள்ளிக்கூடத்தில் இம்போசிஷன் எழுதியவர்களுக்கு இது சட்டென்று புரியும். "இனிமேல் வகுப்பில் பேச மாட்டேன்" என்று பக்கம் பக்கமாக எழுதிய நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, மொத்தம் எத்தனை தடவை எழுதியிருந்தது என்று துண்டுகளைக் காட்டிக் கேட்டால் யாரால் சொல்ல முடியும்? எல்லாத் துண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்த எண்ணிக்கையில்தான் விஷயமே இருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் ஐம்பது, நூறு என்று வந்தால் ஆள் நன்றாக இருப்பார். முந்நூறைத் தாண்டினால் நடு வயதில் நடை தள்ளாடும், நாக்கு குழறும்.

நாங்கள் யோசித்த வழி சொல்வதற்குச் சுலபம். அந்த இடத்தை மட்டும் கிழியாமல் முழுசாக வெட்டி எடுத்து, இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்க வேண்டும். பிறகு மெஷினை அந்த வளையத்தைச் சுற்றிச் சுற்றி முப்பது நாற்பது தடவை படிக்க வைக்க வேண்டும். ஒரு தடவை படித்தால் எண்ணிக்கையில் கோட்டை விடும். நாற்பது தடவையில் எந்த எண் அதிகம் வருகிறதோ அதை நம்பலாம். வளையமாகாத மிச்சத்தை ஒரு என்சைம் போட்டுத் தின்ன வைத்துவிடலாம். அது முனையிலிருந்துதான் தின்னும். வளையத்துக்கு ஏது முனை?

காகிதத்தில் வரைந்தபோது இவ்வளவு அழகான யோசனை எனக்கு வாழ்க்கையில் வந்ததே இல்லை என்று நினைத்தேன். கட்டடத்தில் எல்லாரும் என்னை வளையல்காரி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதல் வருஷம் அது செல்லப் பெயர். ஐந்தாவது வருஷம், நான் அறைக்குள் வந்ததும் அந்தப் பேச்சு நின்றுபோனது.

ஏனென்றால் என்சைம் வளையங்களையும் சேர்த்துத் தின்றுகொண்டிருந்தது.

என்னோடு இருந்தது ஒரே ஒரு ஆள். மெஷின் துப்பும் எழுத்துகளை எண்ணுவதற்கு புரோகிராம் எழுதுகிறவன். நாற்பது வயது, இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பா. வேலை செய்யும்போது தனக்குள் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பான், அதனால் அவனுக்குப் பெயர் முணுமுணு.

"அக்கா, மறுபடியும் ஜீரோ."

"சரி."

"சரின்னா?"

"சரின்னா சரிதான். கழுவி வைக்கிறேன்."

இதே நாலு வரியை எத்தனை செவ்வாய்க்கிழமை பேசியிருப்போம் என்று தெரியாது. கோபமெல்லாம் மூன்றாவது வருஷத்திலேயே தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு இருந்தது அலுப்பு மட்டும்தான். காலையில் எழுந்ததும் தோளில் ஏறிக்கொள்ளும், படுக்கும்போதுதான் இறங்கும்.

ஆறாவது வருஷம், வேறு வேலை ஓடாமல், பழைய நோட்டுகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நூற்றுக்கணக்கான தோல்விகளுக்கு நடுவே நாலே நாலு நாள் மட்டும் சில வளையங்கள் தப்பித்திருந்தன. அப்போதெல்லாம் தற்செயல் என்று எழுதி வைத்திருந்தேன். இப்போது பார்த்தால் நாலும் ஒரே கையெழுத்து. எப்போதோ இரண்டே மாதம் தற்காலிகமாக வந்துவிட்டுப் போன ஒரு பெண். தேடிப் பிடித்துப் போன் செய்தேன்.

"நீ எப்படிம்மா கலக்குன? ஞாபகம் இருக்கா?"

"கையாலதான் மேடம். அந்த மெஷின் சத்தம் எனக்குத் தலைவலி. உங்ககிட்ட சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல." கொஞ்சம் நிறுத்தினாள். "ஏன் மேடம், எதுனா கெட்டுப் போச்சா?"

"இல்லம்மா. நீ இருந்தப்ப மட்டும்தான் கெடாம இருந்திருக்கு."

மெஷின் குலுக்கிய குலுக்கலில் வளையங்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருக்கிறது. விரிசல் என்றால் முனை. முனை இருந்தால் என்சைம் சும்மா விடுமா? அன்றிலிருந்து கையால் கவிழ்த்தேன். இழுக்கும்போதும் விரிசல் விழாமல் இருக்க, உறிஞ்சு குழாயின் நுனியைப் பிளேடால் வெட்டி அகலமாக்கினேன். மூன்றாவது வாரம் முணுமுணு தன் நாற்காலியில் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தான். அவன் வாய் அசையாமல் இருந்ததைப் பார்த்துத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று புரிந்தது.

"அக்கா. நாப்பத்தோரு சுத்து. எல்லா சுத்துலயும் ஒரே எண்ணு."

குதிக்க வேண்டும் போல் இருந்தது என்று சொன்னால் பொய். எனக்கு உட்கார வேண்டும் போல் இருந்தது.

பதினைந்து நாள் கழித்து, எங்கோ ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் முப்பது பேர் சேர்ந்து கிட்டத்தட்ட இதே வழியைக் கண்டுபிடித்துக் கட்டுரை வெளியிட்டுவிட்டார்கள். முணுமுணுதான் காட்டினான். முதல் பக்கத்தில் வளையத்தின் படம் போட்டிருந்தது. என் படத்தைவிட நன்றாகவே இருந்தது.

"நம்மளது அவங்களதவிட துல்லியம் அக்கா. நெசமாவே. கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

"யாரு இல்லேன்னா?"

"இப்ப என்ன பண்றது?"

"நாப்பது சாம்பிள் இருக்கே, அதைப் பண்ணுவோம்."

அந்த நாற்பதையும் கொடுத்தது என் கல்லூரித் தோழி, நரம்பு டாக்டர். தள்ளாட்டத்தோடு அவளிடம் வந்து, எல்லாப் பரிசோதனையும் முடித்து, 'காரணம் தெரியவில்லை' என்ற காகிதத்தோடு திரும்பிப் போனவர்களின் ரத்தம். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாம், ஏதாவது தெரிந்தால் கூப்பிடலாம் என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பாதிப் பேர் அதை மறந்தே போயிருப்பார்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு என்று செய்தேன். அதற்கு மேல் கை ஒத்துழைக்கவில்லை. பதினாறு வரை ஒன்றுமில்லை. பதினேழாவதில் அந்த மூன்று எழுத்து முந்நூற்று அறுபத்திரண்டு தடவை வந்தது. மறுபடி செய்தேன். முந்நூற்று அறுபத்திரண்டு.

தோழிக்குப் போன் செய்தேன். பதினேழு என்றதும் அவள் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. ஒரு பக்கத்தில் நின்றது.

"என்னடி?"

"அவரா... பஸ் டிரைவர்டி. குடிச்சிட்டு வண்டி ஓட்டுனாருன்னு வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. ஒன்பது வருஷமாச்சு."

ஆராய்ச்சிக்கூடத்து முடிவை வைத்துக்கொண்டு யாருக்கும் எதுவும் சொல்லக் கூடாது. அவரை வரவழைத்துப் புதிதாக ரத்தம் எடுத்து, ஆஸ்பத்திரியின் சொந்தப் பரிசோதனைக் கூடத்தில் பழைய முறையில் பார்த்தார்கள். அதில் எண் சரியாகத் தெரியாது, முந்நூறுக்கு மேல் என்று மட்டும் தெரியும். தெரிந்தது. மூன்று வாரம் கழித்து அவரை மறுபடி கூப்பிட்டபோது தோழி என்னையும் வரச் சொன்னாள். "நீதான் கண்டுபிடிச்ச. நீயும் வந்து உக்காரு. எனக்கு மட்டும் என்ன, தினமும் கெட்ட சேதி சொல்றதே பொழப்பா?"

அவர் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். உயரமான மனிதர், சட்டை இஸ்திரி போட்டிருந்தது. காலை அகல வைத்து, தரை அசைவது போல நடந்தார். மகளுக்கு முப்பது வயதிருக்கும். தையல் கடையில் வேலை என்று சொன்னாள். அவள் சட்டை ஓரத்தில் இரண்டு குண்டூசி குத்தியபடியே இருந்தது.

தோழி நிதானமாக எடுத்துச் சொன்னாள். இது மூளையின் பின்பக்கத்தைப் பாதிக்கும் நோய், பிறக்கும்போதே ரத்தத்தில் எழுதி வந்தது. ஆரம்பத்தில் சில நாள் வரும், சில நாள் வராது. பேச்சு குழறும். குணமாக்க மருந்து இல்லை, சிலருக்குக் கொஞ்சம் தணிக்கிற மாத்திரை ஒன்று இருக்கிறது, கொடுத்துப் பார்க்கலாம்.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப அது குடியில வந்தது இல்லை?"

"இல்லைங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

"நான் தொட்டதே இல்லைம்மா." நாக்கு தடுக்கியது, ஆனாலும் அவசரப்படாமல் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார். "அன்னிக்குக் காலையில வண்டியை விட்டு இறங்குறப்ப கால் பின்னிடுச்சு. செக்கர் பாத்துட்டாரு. ஊதச் சொன்னாங்க, ஊதுனேன். ஒண்ணும் காட்டல. மெஷின் ரிப்பேருன்னு எழுதிட்டாங்க. இருபத்திரெண்டு வருஷம் ஓட்டியிருக்கேன், ஒரு கீறல் கிடையாது. மெஷினை நம்பல, என்னையும் நம்பல. கண்ணால பாத்ததைத்தான் நம்பினாங்க."

தோழி பேனாவைக் கீழே வைத்தாள்.

"அதை விடுங்க. என் வீட்டுக்காரி. அவ போயி நாலு வருஷமாச்சு. போற வரைக்கும் என் வாயை மோந்து பாத்துட்டுத்தான் சாப்பாடு போட்டா. திட்ட மாட்டா. மோந்து பாப்பா, அவ்வளவுதான்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "நானும் நம்பலப்பா," என்றாள். அறைக்குள் கேட்கிற அளவுக்குத்தான் சொன்னாள்.

"தெரியும்," என்றார் அவர்.

அவருக்கு ஒரு கடிதம் வேண்டும் என்றார். நோயின் பெயரெல்லாம் யாருக்கும் புரியாது, குடியினால் இல்லை என்ற வரி மட்டும் அதில் இருக்க வேண்டும். தோழி தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டாள். அவர் காகிதத்தை என் பக்கம் நீட்டினார். "நீங்களும் போடுங்கம்மா. எண்ணுனது நீங்கதானே."

நான் டாக்டர் இல்லை, என் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். தோழி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். போட்டேன். கீழே எண்ணையும் எழுதச் சொன்னார். முந்நூற்று அறுபத்திரண்டு என்று எழுத்தால் எழுதினேன்.

கிளம்பும் நேரத்தில்தான் தோழி மகளை உட்காரச் சொல்லி மற்ற விஷயத்தைச் சொன்னாள். பிள்ளைகளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பரிசோதித்துப் பார்த்துக்கொள்வதும் பார்க்காமலே இருப்பதும் அவள் இஷ்டம், அவசரமில்லை. டிரைவரின் முகத்தில் அதுவரை இருந்த கொஞ்சநஞ்ச வெளிச்சமும் போய்விட்டது. கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்தவர், அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு மகளையே பார்த்தார்.

"கடவுளே, குடியாவே இருந்திருக்கலாம் போலிருக்கே," என்றார்.

இரண்டு மாதம் கழித்து டிப்போவில் என்ன நடந்தது என்று தோழி சொன்னாள். அந்தச் செக்கர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புதிதாக வந்த அதிகாரி கடிதத்தை வாங்கிப் படித்து, பழைய கோப்பைத் தேடி எடுத்து, 'உடல்நலக் காரணத்தால் பணிவிலகல்' என்று திருத்தி ஒரு ஆணை கொடுத்திருக்கிறார். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. டிரைவர் கடிதத்தை நகலெடுத்துக்கொண்டு, கூட ஓட்டிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் மகள் தோளைப் பிடித்தபடி போய்க் காட்டிவிட்டு வந்தாராம். இரண்டு பேர் அழுதார்கள், ஒருத்தர் கதவையே திறக்கவில்லை.

எங்கள் கட்டுரையும் வெளிவந்தது. இரண்டாவதாக வந்தது என்பதால் சின்ன இதழில். முணுமுணு அச்செடுத்து அலமாரியில் ஒட்டினான். நாற்பதில் மொத்தம் ஆறு பேருக்குக் காரணம் கிடைத்தது. மீதி முப்பத்து நாலு பேருக்கு எங்களாலும் எதுவும் சொல்ல முடியவில்லை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கீழேயிருந்து வரவேற்பில் கூப்பிட்டார்கள், யாரோ பார்க்க வந்திருப்பதாக. போனால் டிரைவரின் மகள். கையில் ஆஸ்பத்திரி சீட்டு, ரத்தம் கொடுக்க எழுதி வாங்கியிருந்தாள். ரத்தம் எடுக்கும் இடம் பக்கத்துக் கட்டடம்.

"வழி தெரியலையாம்மா?"

"தெரியும் மேடம். போயிட்டுத்தான் வந்தேன். டோக்கன் கூட எடுத்தேன்." சீட்டை மடித்தாள், பிரித்தாள். "நேத்து கடையில ஊசி கைநழுவிடுச்சு. எல்லாருக்கும் நழுவுறதுதான். எனக்கு மட்டும் ராத்திரி பூரா தூக்கம் வரல. தெரிஞ்சுக்கிட்டா தூக்கம் வருமா மேடம்?"

ஆறு வருஷமாக நான் கற்றுக்கொண்டது எண்ணுவதற்கு மட்டும்தான். அதை அப்படியே சொன்னேன்.

"எத்தனைன்னு என்னால சொல்ல முடியும்மா. தூக்கம் வருமான்னு தெரியாது."

அவள் என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். படவில்லை.

"அப்பாவுக்கு வந்துச்சு," என்றாள். "இப்பல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறாரு."

எதிரே இருந்த நாற்காலிகளில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். பத்து நிமிஷம் இருக்கும். அவள் தையல் கடையைப் பற்றிப் பேசினாள். சட்டைக் காலர் தைப்பதுதான் கஷ்டமாம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வர வேண்டுமாம். பிறகு சீட்டைக் கைப்பைக்குள் போட்டாள்.

"இன்னிக்கு வேணாம் மேடம். வேணும்னு தோணுறப்ப வரேன். வரலாம்ல?"

"எப்ப வேணா வா."

அவள் படியிறங்கிப் போனாள். நேராகத்தான் நடந்தாள். நடையையா பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று எனக்கே கூசியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு லிஃப்டுக்குப் போனேன்.