ஒன்பது நிமிஷப் பேச்சு

மாமியார் அடுப்பங்கரையில் நின்று பேசும் ஒன்பது நிமிஷ வீடியோவில் எதை வைப்பது, எதை எடுப்பது என்பதில் ஸௌம்யாவுக்குக் குழப்பமே இருந்ததில்லை. புளி கரைப்பது இருக்கட்டும். பருப்பு வேகிற நேரத்தில் அம்ருதவல்லி கேமராவைப் பார்த்துச் சொல்லும் கதைகள் போகட்டும். “கட்டிப் பெருங்காயம்தான் போடணும். பொடியைப் போட்டா அம்மா தட்டைத் தள்ளிடுவா, ஞாபகமிருக்கோன்னோ?” இதெல்லாம் ஊரில் யாருக்கு வேண்டும்?

சின்ன காஞ்சிபுரத்து வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்த புதிதில் கோவர்தன் விளையாட்டாக ஆரம்பித்துக் கொடுத்த சானல் அது. அம்மாவின் சமையலை யூடியூபில் ஏற்றியதோடு மகனின் உற்சாகம் தீர்ந்துபோயிற்று. ரசத்துக்கும் பொரியலுக்கும் ‘சாத்தமுது’, ‘கறியமுது’ என்று தலைப்புகள். ஐயங்கார் வீடுகளுக்கு வெளியே அந்தப் பெயரில் யார் தேடுவார்கள்? சென்னையில் வெப்சைட் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு மருமகளாக வந்த ஸௌம்யாவுக்குக் கை பரபரத்தது. ‘தக்காளி ரசம், மூன்றே நிமிஷத்தில்’ என்று ஆங்கிலத்தில் தலைப்பு மாற்றினாள். தேடுகிறவர்கள் தட்டக்கூடிய வார்த்தைகளையெல்லாம் கீழே அடுக்கினாள். பழைய வீடியோக்களையும் விடாமல் பேச்சை நறுக்கி மறுபடி ஏற்றினாள். யூடியூபிலிருந்தும், இடம் போதாத கம்ப்யூட்டரிலிருந்தும் முழு வீடியோக்களை அழித்துவிட்டாள்.

நறுக்கியதை அம்ருதவல்லி கடைசிவரை உட்கார்ந்து பார்த்தாள்.

“நான் பேசினது எல்லாத்தையுமா எடுத்துட்டே?”

“ஆமாம்மா. இழுவையா இருந்தா ஜனங்க வேற எங்கயாவது போயிடுவா.”

“சரி. ஒனக்குத் தெரியாததா.”

அதைப் பாராட்டாகத்தான் ஸௌம்யா எடுத்துக்கொண்டாள். பார்ப்பவர்கள் ஆயிரக்கணக்கில் ஏறினார்கள். கீரை விற்கும் மணியம்மாள்கூட, “இன்னாமா, உன் மருமவ உன்ன ஊரெல்லாம் காட்டிக்கினு இருக்குதாமே. அப்டியே எங்கீரையயும் காட்டச் சொல்லுமா” என்று சிரித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூனாவிலிருந்து ஹர்ஷவர்தன் போன் செய்தான். அம்ருதவல்லியின் தங்கை பெருந்தேவியின் மகன். அம்மா இறந்த சேதியை அக்கா தனக்கு நேரத்தில் சொல்லவில்லை என்று பெருந்தேவி உறவை முறித்துக்கொண்டு பல வருஷம் ஆகிவிட்டது. ஸௌம்யாவின் கல்யாணத்துக்கும் அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

“மன்னி, ஒண்ணு கேக்கணும். பெரியம்மா ஏன் இப்பல்லாம் பேசறதில்லை?”

“வீடியோவிலயா? நான்தான் வெட்டிட்டேன். ஏன்?”



“அம்மா அதுக்காகத்தான் பார்ப்பா. சமையல் யாருக்கு வேணும், அவளுக்குத் தெரியாத சமையலா. பெரியம்மா ஏதாவது கேப்பா, அம்மா இங்கேர்ந்து பதில் சொல்லுவா. சண்டைகூடப் போடுவா மன்னி, லேப்டாப்போட. இப்பத் தொறக்கறதே இல்லை. ‘அவளும் என்னோட பேசறத நிறுத்திட்டா’ங்கறா.”

ஞாபகமிருக்கோன்னோ, தெரியுமோன்னோ என்று எத்தனை இடங்களில் வந்தது என்று ஸௌம்யா நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டு, சரியான இடம் பார்த்துத்தான் வெட்டியிருந்தாள். அவ்வளவு கவனமாகக் கேட்டும் அது ஒருத்தியிடம் கேட்கப்பட்ட கேள்வி என்று தனக்குத் தோன்றவே இல்லையே என்பதுதான் தாங்கவில்லை.

உள்ளே போய்ச் சொன்னாள். அழித்ததையும் சேர்த்தே சொன்னாள். அம்ருதவல்லி திட்டவில்லை. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“அப்போ பார்த்துண்டுதான் இருந்திருக்கா.”

“இன்னிக்குப் பேசுங்கோம்மா. ஒரு வார்த்தை வெட்ட மாட்டேன்.”

“இப்பத்தான் இத்தனை பேர் பாக்கறாளே. நடுக்கூடத்துல நிக்க வெச்சாப்ல இருக்கு.”

“தேவிச் சித்தி மட்டும் பாக்கறாப்ல போடலாம்மா. வேற யாருக்கும் தெரியாது.”

கேமராவைச் சரிசெய்து வைத்துவிட்டு ஸௌம்யா விலகி நின்றாள். அம்ருதவல்லி முக்காலியில் உட்கார்ந்து லென்ஸைப் பார்த்தாள். வாய் திறந்தது, மூடிக்கொண்டது.

“வெறும்ன எப்படிடி பேசறது? இரு, கையில எதையாவது வெச்சுக்கறேன்.”

கொத்தவரங்காயை மடியில் கொட்டிக்கொண்டு காம்பு கிள்ளத் தொடங்கினாள். ஒவ்வொரு காயை எடுக்கும்போதும் தலையை நிமிர்த்திக் கேமராவைப் பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள். சின்னத் திரையில் நிமிஷங்கள் ஓடிக்கொண்டிருந்தன. தட்டில் கிள்ளிய காய்கள் மெல்லக் குவிந்தன.