நீர்க்காகத்தின் இதயம்

துறைமுகத்தில் எல்லோரும் அவனை நீர்க்காகம் என்றுதான் கூப்பிடுவார்கள். கப்பலின் அடியில் ஒட்டிக்கிடக்கும் சிப்பியையும் பாசியையும் தண்ணீருக்குள் இறங்கிச் சுரண்டுவது அவன் வேலை. டைவர் என்று சொன்னால் வெளியாட்கள் டிரைவர் என்று நினைத்துக்கொண்டு, "என்ன வண்டி ஓட்டறீங்க?" என்பார்கள். "கப்பலுக்குக் கீழ ஓடற வண்டி" என்று பதில் வரும். முப்பத்து மூன்று வயது. காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்ததில்லை.

படகில் நின்று அவனுடைய காற்றுக்குழாயையும் கயிற்றையும் பிடிப்பவர் அவன் மனைவியின் அண்ணன். வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். ஆனால் அவன் தண்ணீருக்குள் போய்விட்டால் கயிற்றைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டார்.

விஷயம் தெரியவந்ததே விளையாட்டாகத்தான். மனைவி மாசமாக இருந்ததால் ரத்த அழுத்தம் பார்க்கும் சின்ன மெஷின் ஒன்று வீட்டில் இருந்தது. ஒரு விடுமுறை நாள் காலையில் அவள் பார்த்து முடித்ததும் இவன் கையை நீட்டினான்.

"எனக்கும் பாரு. எனக்கு எத்தனையாவது மாசம்னு சொல்லுதான்னு பாப்போம்."

பட்டை இறுகித் தளர்ந்தது. நூற்று அறுபதுக்கு நூறு.

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றான்.

அவள் தன் கையில் கட்டிப் பார்த்தாள். சரியாக இருந்தது. மறுபடி அவன் கையில் கட்டினாள். எண் அசையவில்லை.

"ஒரு தலைவலிகூட எனக்கு வந்ததில்லடி."

"அதனாலதாங்க பயமா இருக்கு."

விடாப்பிடியாக டாக்டரிடம் இழுத்துப் போனாள். இதயத்தை ஸ்கேன் எடுக்கும் அறைக்குள் அவளை விடவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே டாக்டரம்மா திரையை அவன் பக்கம் திருப்பினார்.

"பம்ப் பண்றதுல ஒரு குறையும் இல்ல. ஆனா சுவர் தடிச்சிருக்கு. பிரஷர் ரொம்ப நாளாவே இருந்திருக்கணும். அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி முறுக்கேறிடுச்சு."

"முறுக்கேறினா நல்லதுதானே டாக்டர்?"

"கைக்கு நல்லது. இதயம் அடிச்சா மட்டும் போதாது. ஒவ்வொரு அடிக்கு அப்புறமும் தளர்ந்து விரியணும், அப்பதான் ரத்தம் நிரம்பும். உங்களுது விரியறதுக்குத் தயங்குது. இப்ப ஆரம்பம்தான், மாத்திரையில கட்டுப்படுத்தலாம். நான் சொல்றவரைக்கும் தண்ணியில இறங்காதீங்க."

வெளியே வந்ததும் மனைவி எழுந்து நின்றாள்.

"இதயம் ஜோரா பம்ப் பண்ணுதாம்" என்றான். பொய்யில்லை. மீதியைத்தான் அவன் சொல்லவில்லை.

மாத்திரை போட்டால் எழுந்து நிற்கும்போது தலை லேசாகச் சுற்றியது. போடாவிட்டால் ஒன்றுமே தெரியவில்லை. எது நோய், எது மருந்து என்று அவனே ஒரு முடிவுக்கு வந்து மாத்திரையை நிறுத்திவிட்டான். தண்ணீரில் இறங்குவதை மட்டும் நிறுத்தவில்லை.

குளிர்காலத்தில் ஒரு கப்பலின் அடியில் சுழலும் விசிறியில் தடித்த கயிறு சுற்றிக்கொண்டது. அறுத்து எடுத்தால்தான் கப்பல் நகரும். படகின் ஏணியில் பாதியில் அவன் நின்றதை மச்சான் கவனித்தார்.

"என்ன மாப்ள, இதுக்கே மூச்சு வாங்குது?"

"உங்க தங்கச்சி கைப்பக்குவம். தொப்பை போட்டிருச்சு மச்சான்."

அவர் சிரிக்கவில்லை. அவன் இறங்கினான்.

அன்று தண்ணீர் உடுப்பைத் தாண்டி எலும்பில் கடித்தது. குளிர் ஏற ஏற, கைகால்களில் இருந்த ரத்தமெல்லாம் நெஞ்சை நோக்கி ஒதுங்கியது. விரிய மறுத்த இதயத்தில் அதற்கு இடமில்லை. அது நுரையீரலில் போய்த் தேங்கி, நீராய்க் கசியத் தொடங்கியது. அவனுக்கு இதெல்லாம் தெரியாது. தொண்டையில் ஏதோ களகளத்தது. இருமினான். முகமூடியில் கசிவு என்று நினைத்து விளிம்பைத் தடவிப் பார்த்தான். எங்கும் கசியவில்லை. தண்ணீர் அவனுக்குள்ளிருந்தே வந்துகொண்டிருந்தது.

அவன் உடம்பில் கட்டியிருந்த கயிறு வெட்டி வெட்டி இழுபடவும் மேலே மச்சான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. தூக்கிப் படகில் கிடத்தியபோது உதடு நீலம் பாரித்திருந்தது. வாயில் இளஞ்சிவப்பாக நுரை.

"தண்ணி... குடிச்சிட்டேன்."

"பேசாதீங்க."

ஆஸ்பத்திரியில் மூச்சு சீரானதும் அவன் கேட்ட முதல் விஷயம் இதுதான். "கம்பெனியில கடல் தண்ணி குடிச்சிட்டான்னே சொல்லிடுங்க மச்சான்."

"டாக்டரம்மா எல்லாத்தையும் சொன்னாங்க. நானும் கம்பெனியில எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"என் சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களே."

"போட்டதாவே இருக்கட்டும். உங்களத் துணியில சுத்திக் கொண்டுபோய் என் தங்கச்சி முன்னாடி வைக்க என்னால ஆகாது."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். கால்மாட்டில் நின்ற மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கணவன் மறைத்த மீதி அவளுக்கும் அன்றுதான் தெரிந்தது. சண்டை போடக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

பெண் குழந்தை பிறந்தது. கம்பெனி அவனைக் கரையில் கருவி அறையில் உட்கார வைத்தது. மாத்திரையை இப்போது மனைவியே கையில் கொடுத்து, விழுங்கும்வரை நிற்கிறாள். அழுத்தம் இறங்கியிருக்கிறது. இதயம் இன்னும் தளரப் பழகவில்லை. "பொறுத்துப் பாப்போம்" என்று மட்டும் டாக்டரம்மா சொன்னார்.

ஒரு மாலை மூவரும் வீட்டுப் படியேறினார்கள். குழந்தையைச் சுமந்து முன்னால் போனவள், பின்னால் காலடிச் சத்தம் நின்றதும் திரும்பிப் பார்த்தாள். அவன் கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி குனிந்திருந்தான்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. ஷூ நாடா அவுந்துடுச்சு. நீ போ."

அவன் காலில் செருப்புதான் இருந்தது. அவள் குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, அவன் தோள்கள் ஏறி இறங்குவதைப் பார்த்தபடி அங்கேயே நின்றாள்.