அரை மைல் வடக்கே

மீன் படும் இடத்தைக் கேட்டால், கூடப் பிறந்தவனுக்கும் அரை மைல் தள்ளிச் சொல்வதுதான் முல்லைத்தீவுக் கரையில் வழக்கம். அதை யாரும் பொய் என்பதில்லை, தொழில் என்பார்கள். கிருபனும் அந்தத் தொழிலைத்தான் செய்தான். என்ன, செய்தது அரசாங்க வரைபடத்தில்.

மாசி மாதம் பிரஷாந்தினி என்ற அதிகாரி கடற்றொழிலாளர் சங்கத்துக்கு வந்திருந்தாள். கடலை வலயங்களாகப் பிரித்து, எங்கே வலை விடலாம், எங்கே கூடாது என்று திட்டம் போடுகிறார்களாம். கடலடியில் கிடக்கும் பழைய மரக்கப்பலைக் காக்கவும் ஒரு வலயம் வேண்டும். கடலடியில் இறங்கிப் பார்க்கச் சுழியோடிகள் வர ஒரு வருடமாவது ஆகும், அதுவரை உங்கள் வாய்ச்சொல்தான் என்றாள். எல்லாரும் கிருபனைப் பார்த்தார்கள். சிக்கிய வலையை எடுக்கக் குதித்தபோது கப்பலின் விலா மரங்களையும் அடுக்குக் குலையாத சாடிகளையும் கண்டதாகப் போன வருடம் ஊரெல்லாம் பெருமையடித்தவன் அவன்தான். இடத்தை மட்டும் சொன்னதில்லை, கப்பலடியில்தான் மீன் கூடும்.

கிருபன் விரலை வைத்தான். பழக்கதோஷம், அது அரை மைல் வடக்கே போய் நின்றது.

வைகாசியில் வரைபடம் சங்கச் சுவரில் ஏறியபோதுதான் அவனுக்கு விளைவு தெரிந்தது. கப்பலுக்கென்று போட்ட நீலப் பெட்டி, ஜனகன் நண்டு வலை விடும் இடத்தை அப்படியே விழுங்கியிருந்தது. ஜனகன் வேறு யாருமல்ல, கிருபனின் மனைவி கௌசலாவின் தம்பி. அவனுக்கு ஒரு படகு, இரண்டு பெண்பிள்ளைகள், அந்த ஒரே இடம். கிருபனின் இடமோ வெள்ளையாகக் கிடந்தது. நாளைக்கும் போய் நங்கூரம் போடலாம். நங்கூரத்தைத் தூக்கும்போது சாடி ஓடுகள் சேர்ந்து வரும். யாரும் காணாமல் அவற்றைத் தண்ணீரிலேயே போட்டுவிடுவான்.

ஒரு மாதமாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஜனகன் வழக்கம்போல அக்காவிடம் நண்டு கொண்டுவந்து கொடுப்பான். கறி கொதிக்கும்போதே கிருபன் வயிற்றுவலி என்று எழும்பிவிடுவான்.

ஆட்சேபம் சொல்வதற்கான கடைசி நாள் வந்தது. ஜனகன் எழுந்து நின்றான்.

"அந்த இடம் போனா எனக்கு வேற இடம் இல்லை, மிஸ். ஆனா அத்தான் காட்டின இடம் பிழையா இருக்காது. பெட்டியைக் கொஞ்சம் சின்னனாக்க ஏலுமோ எண்டுதான் கேக்கிறன்."

தன்னைத் திட்டியிருந்தால்கூடக் கிருபன் தாங்கியிருப்பான். வெட்கத்தில் காது எரிய எழுந்தான்.

"கப்பல் அங்க இல்லை. நான் பொய் சொன்னனான். அது தெற்கால, அரை மைல் தள்ளிக் கிடக்கு."

அவன் பேச்சை யாரும் நம்பவில்லை. சங்கத் தலைவர் அப்புத்துரை சிரித்தபடி, "மச்சானுக்காகத் தன்ர பேரையே கெடுக்கிறார், பாருங்கோ" என்றார்.

ஜனகனுக்குக் கண் கலங்கிவிட்டது. "வேண்டாம் அத்தான். எனக்காகப் பொய் சொல்லாதேங்கோ."

"சொந்தக்காரருக்காகப் பெட்டியை மாத்த ஏலாது, ஐயா. ஆதாரம் இருக்கோ?" என்று பிரஷாந்தினி கேட்டாள்.

இருந்தது. சட்டைப் பையில், பொலித்தீன் சுற்றிய ஜிபிஎஸ் கருவி. கௌசலாவைக்கூட அதைத் தொடவிட்டதில்லை. கொடுத்தால் கப்பலடி மீன் மட்டுமல்ல, இன்னொன்றும் போகும் என்று அவனுக்குத் தெரியும். கொடுத்தான்.

அவள் பொத்தான்களை அழுத்திப் பார்த்துவிட்டு உரத்து வாசித்தாள். "ஓம், கப்பல் எண்டு பதிஞ்சது தெற்காலதான். இப்ப பதிஞ்சதும் இல்லை. இரண்டாயிரத்துப் பத்தொன்பது, ஆனி மாசம்."

ஜனகனின் முகம் மாறியது. அந்த வருடம் ஆவணியில் இழுவைப் படகொன்று அவனுடைய வலைகளையெல்லாம் அறுத்துக்கொண்டு போயிருந்தது. மிஞ்சிய ஒற்றை வலையோடு கிருபனின் வாசலில் வந்து நின்று, மீன் படுகிற இடம் ஒன்று சொல்லுங்கோ, ஒரு கிழமைக்குப் போதும் என்று கெஞ்சினான். எனக்கே ஒன்றும் படுவதில்லையடா என்று கிருபன் கையை விரித்தான். ஜனகன் கட்டாருக்குக் கூலி வேலைக்குப் போனான். அடுத்த வருடம் தகப்பன் செத்தபோது, கொரோனாவால் விமானம் பறக்காத காலம், வரமுடியவில்லை. மகன் வைக்கவேண்டிய கொள்ளியை மருமகன் கிருபன்தான் வைத்தான்.

"நான் கேட்டு வந்த நேரம் உங்களிட்டை இடம் இருந்தது, என்ன அத்தான்?"

"ஓம்" என்றான் கிருபன்.

பிரஷாந்தினி நீலப் பெட்டியை வெட்டிவிட்டுத் தெற்கே புதிதாகக் கீறினாள். இடம் திரும்பக் கிடைத்தவன் அதைப் பாராமலே வெளியே போனான்.

மறுநாளும் ஜனகனுக்கு நல்ல நண்டு பட்டது. அக்கா வீட்டுக்கு வரவில்லை.