திருஷ்டி மீன்

ஜெயசீலன் வீட்டில் மீன் செத்தால் ஜிலேபி வரும்.

கேட்கிறவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். அந்த வீட்டில் அதுதான் நடைமுறை. காலையில் பல் துலக்கிக்கொண்டே ஹாலுக்கு வருவான் ஜெயசீலன். தொட்டியில் ஒரு மீன் வயிற்றைக் காட்டி மிதக்கும். பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிடுவான். "எடுத்துக்கிட்டுப் போயிருச்சு உஷா. எவன் கண்ணோ, நமக்கு வந்ததை அது எடுத்துக்கிட்டுப் போயிருச்சு" என்பான். மீனைக் காகிதத்தில் சுற்றி அப்புறப்படுத்திவிட்டு, சாயங்காலம் ஆபீசிலிருந்து திரும்பும்போது கோல் மார்க்கெட்டில் இறங்கி ஜிலேபியும், பாலிதீன் பையில் இன்னொரு மீனும் வாங்கிவருவான். பிறகு அருப்புக்கோட்டைக்குப் போன் போட்டு அம்மாவிடம் நல்ல சேதி சொல்லுவான்.

அருப்புக்கோட்டையில் அவன் பரம்பரையில் யாரும் மீன் தொட்டி வைத்ததில்லை. தில்லிக்கு வந்து ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசராக ஆனபிறகு, கூட வேலை பார்க்கிறவர் ஒருவரின் பண்டிட்ஜி சொல்லி வைத்த தொட்டி அது. வடகிழக்கு மூலை, எட்டுத் தங்கமீன், ஒரு கறுப்பு மீன். தங்கமீன் செல்வத்துக்கு, கறுப்பு மீன் திருஷ்டிக்கு. அருப்புக்கோட்டை வாசலில் தொங்குகிற பூசணிக்காயின் வேலையைத் தில்லியில் கறுப்பு மீன் பார்த்தது. பூசணிக்காய் அழுகினால் மாற்றுவது மாதிரி மீனையும் மாற்ற வேண்டியதுதான். ஊர் நம்பிக்கையும் தில்லி நம்பிக்கையும் சம்பந்தம் பண்ணிக்கொண்டதில் செத்தது என்னவோ மீன்.

தன் நம்பிக்கைக்கு அத்தாட்சியும் வைத்திருந்தான். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து சிராய்ப்போடு தப்பிய வாரம் ஒன்று செத்தது. இந்தக் குவார்ட்டர்ஸ் கிடைத்த மாதம் இரண்டு செத்தன. மாதம் ஒரு சாவாவது விழுகிற தொட்டியில், எந்த நல்லதுக்கும் பக்கத்தில் ஒரு சாவு இருக்கத்தானே செய்யும் என்று அவனுக்குத் தோன்றியதில்லை.

அவன் மனைவி உஷாராணி மந்திர் மார்க் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. ரொம்ப நாள் அவள் தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மார்ச் மாதம் வந்த கறுப்பு மீன்தான் அவளைப் பார்க்க வைத்தது. முண்டக்கண், கிழிந்த தாவணி மாதிரி வால். அவள் சோபாவில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்த ஆரம்பித்தால் அது கண்ணாடியோரம் வந்து நின்றுகொள்ளும். அவள் எழுந்தால் போய்விடும். தீனி கேட்கிறது என்று நினைத்துப் போட்டாள். தின்றுவிட்டு மறுபடியும் வந்து நின்றது. அவளுக்கு அது பிடித்துப்போனது, அவ்வளவுதான்.

அந்த வாரமே ஒரு தங்கமீன் செத்தது. ஜிலேபி வந்தது. உஷாராணி ஜிலேபியைத் தொடவில்லை. மறுநாள் ஒரு காலி ஜாம் பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அம்மோனியா காட்டுகிற நெஸ்லர் கரைசலை எடுத்துச் சோதனைக் குழாயில் ஊற்றினாள். தண்ணீர் மஞ்சளாகி, பழுப்பை நோக்கிப் போனது. வருஷா வருஷம் வகுப்பில் நடத்திய அம்மோனியா தன் வீட்டு ஹாலிலேயே குடியிருந்திருக்கிறது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது.

பக்கத்து மேஜையில் இருந்த உயிரியல் டீச்சர் லூசி நாகர்கோவில்காரி, வீட்டில் சுவர் நீளத்துக்குத் தொட்டி வைத்திருப்பவள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எப்பிடி டீச்சர் கிளீன் பண்ணுவிய?" என்றாள்.

உஷாராணி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஜெயசீலன் மீன்களை வாளிக்கு மாற்றி, தண்ணீரையெல்லாம் கொட்டி, கூழாங்கல்லையும் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் சோப்புத் தூள் போட்டு வெள்ளை வெளேரென்று அலசி, குழாய்த் தண்ணீரை அப்படியே நிரப்புவான். சுத்தத்தில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது.

லூசி தலையில் கைவைத்துக்கொண்டாள். "அந்த ஸ்பாஞ்சுல உள்ள அழுக்கு இருக்குல்லா, அதுல உள்ள பாக்டீரியாதான் மீன் கழிவத் திங்கது. அத சோப்பு போட்டுக் கொன்னாச்சு. மேல குளோரின் தண்ணி. ரெண்டடித் தொட்டியில ஒம்பது மீனு வேற. உங்க வீட்டு மீனு திருஷ்டியில சாகல்ல டீச்சர், சார் கையாலதான் சாவுது."

அன்றைக்கே உஷாராணி தொட்டியைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டாள். இரண்டு தங்கமீனையும் கறுப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் லூசி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். ஆபீசிலிருந்து வந்த ஜெயசீலன் எண்ணிப் பார்த்துவிட்டுப் பதறினான்.

"என்ன உஷா இது, எட்டு இருக்கணும்னு பண்டிட்ஜி சொல்லியிருக்காரு."

"எட்டுக்கு இடமில்ல."

"செல்வம் போயிரும்."

"இதுவரைக்கும் வந்தது எங்க இருக்குன்னு காட்டுங்க, பாத்துக்கிறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கழுவலை நிறுத்தினாள். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டு, குளோரினை முறிக்கும் சொட்டு மருந்து கலந்த தண்ணீரை ஊற்றினாள். ஸ்பாஞ்சை, எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்து திரும்ப வைத்தாள். கண்ணாடியில் லேசாகப் பாசி பிடித்தது. ஜெயசீலனுக்கு அது உறுத்தியது. "வீட்டுக்கு வர்றவன் என்ன நெனப்பான்? சீக்குப் புடிச்ச வீடு மாதிரி இருக்கு" என்று முனகினான். ஏப்ரல் போனது, மே போனது. தில்லி வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு மீன்கூடச் சாகவில்லை, ஒரு ஜிலேபிகூட வரவில்லை.

அதுதான் ஜெயசீலனுக்குப் பயத்தைக் கொடுத்தது. ஜூனில் பதவி உயர்வுக் குழு கூடுகிறது. அண்டர் செக்ரட்டரி ஆவதற்கு அவன் காத்துக்கிடந்த கூட்டம் அது. இத்தனை வாரமாக எதையும் யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை என்றால், எல்லாம் சேர்ந்து எங்கே வந்து விழும்? அம்மாவும் போனில் அதையேதான் கேட்டாள்.

கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு உஷாராணிக்கு ஏதோ நுழைவுத் தேர்வுக் கண்காணிப்பு வேலை. மத்தியானம் வீடு திரும்பிக் கதவைத் திறந்ததும் பினாயில் வாசனை அடித்தது. தொட்டி பளபளவென்று மின்னியது. பால்கனிக் கொடியில் ஸ்பாஞ்ச், கிளிப் மாட்டி, பஞ்சு மாதிரி வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது.

கறுப்பு மீன் அடியில் ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது. வாலில் சிவப்புக் கோடுகள். செவுள் படபடவென்று அடித்தது. தங்கமீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

"நல்ல காரியம் வருதேன்னு சும்மா ஒரு தடவ கழுவினேன்" என்றான் ஜெயசீலன். பொய் சொல்லவில்லை. கொல்லவேண்டும் என்று அவன் கழுவவில்லை. ஆனால் மூலையில் கிடந்த மீனைப் பார்க்கும்போது அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை உஷாராணி பார்த்துவிட்டாள். பார்க்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போனில் மாமியார் இருந்தாள், ஸ்பீக்கரில். "உஷாராணி, விட்டுரும்மா. அது எடுத்துக்கட்டும். பெரிய காரியம் நடக்கப்போற நேரம், நீ குறுக்க நிக்காத."

எடுத்துக்கட்டும். இந்தச் சொல்லை உஷாராணி இதே குரலில் இதற்கு முன்பும் கேட்டிருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு ஜனவரி, ஆஸ்பத்திரி வார்டு. ஐந்து மாதக் கரு கலைந்து அவள் கட்டிலில் கிடந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கோதிக்கொடுத்தபடி மாமியார் சொன்னாள்: "அவனுக்கு இந்த வருஷம் பெரிய கண்டம்னு ஜாதகத்துல இருந்துச்சும்மா. உன் புள்ள அத எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. மனசத் தேத்திக்க." ஆறுதலாகத்தான் சொன்னாள். ஜெயசீலன் கட்டில் காலடியில் நின்று தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலை மட்டும் அவளால் மறக்கவே முடியவில்லை.

"குறுக்கதான் நிப்பேன் அத்தை" என்று சொல்லிப் போனை அணைத்தாள்.

லூசிக்கு ஆள் அனுப்ப நேரமில்லை, தானே ஆட்டோ பிடித்து ஓடினாள். லூசி தன் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த பழைய ஸ்பாஞ்ச் ஒன்றை, பழுப்பும் கொழகொழப்புமாக, தொட்டித் தண்ணீரோடு பையில் போட்டுக் கொடுத்தாள். "ஜல்தி போங்க, காஞ்சிரக் கூடாது" என்றாள். உஷாராணி அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்து ஃபில்டரில் மாட்டினாள். பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுச் சொட்டு மருந்து கலந்த தண்ணீரை மெல்ல ஊற்றினாள். சரியாக அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. காற்று மோட்டார் நின்றது. புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டூலில் ஏறி, மக்கால் தண்ணீரை மொண்டு மொண்டு மேலேயிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றினாள். விழுகிற தண்ணீர் காற்றைக் கொண்டுபோகும். வியர்வை கண்ணில் இறங்கியது, கை கடுத்தது. ஜெயசீலன் வாசல் நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒரு மீனுக்காக இந்தப் பாடா?" என்றான்.

"நிக்கிற நேரத்துக்கு ஒரு மக்கு எடுத்துட்டு வரலாம்."

அவன் வரவில்லை. கரண்ட் வரும்வரை அவளே ஊற்றினாள்.

அந்த வாரம் முழுக்கத் தினமும் தண்ணீர் மாற்றினாள், தீனியை நிறுத்தினாள், ஜாம் பாட்டிலோடு பள்ளிக்கூடம் போனாள். சோதனைக் குழாயில் மஞ்சள் நாளுக்கு நாள் வெளுத்தது. வியாழக்கிழமை கறுப்பு மீன் மூலையை விட்டு எழுந்தது. வெள்ளிக்கிழமை அவள் சோபாவில் உட்கார்ந்தபோது, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நீந்தி, கண்ணாடியோரம் வந்து நின்றது. உஷாராணி வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

அன்று சாயங்காலம் ஜெயசீலன் வந்தபோது பையைக்கூடக் கீழே வைக்காமல் தொட்டி முன்னால் போய் நின்றான். பட்டியல் வந்துவிட்டது. அவன் பெயர் இல்லை. அவனுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவன் பெயர் இருந்தது.

உஷாராணிக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. ராத்திரி பகலாக உழைத்தவன்தான் அவன், அதில் சந்தேகமே இல்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் வாங்கவில்லை.

"நீ அத விட்டிருக்கலாம் உஷா" என்றான் மீனைப் பார்த்துக்கொண்டே. "ஒரு மீனு. கோல் மார்க்கெட்டுல எத்தன வேணும்னாலும் கெடைக்கும். அதுக்கு வர வேண்டியது எனக்கு வந்திருச்சு."

தம்ளரை மேஜையில் வைத்தாள்.

"தப்பு. உங்களுக்கு வந்ததுதான் உங்களுக்கு வந்திருக்கு. குழுவுல யாருக்கோ உங்களப் பிடிக்கல, இல்ல மார்க்குப் பத்தல, இல்ல அநியாயம் பண்ணிட்டாங்க. போய்ச் சண்ட போடுங்க, நானும் கூட வர்றேன். ஆனா உங்களுக்காக அது செத்திருக்கணும்னு இந்த வீட்டுல இனி யாரும் சொல்லக் கூடாது. என் புள்ளையும் உங்களுக்காகச் சாகல. உங்க கண்டத்த எடுத்துக்கிட்டுப் போகல. செத்துப் போச்சு. அது வாழ வேண்டிய புள்ள, செத்துப் போச்சு. நீங்க அன்னைக்குத் தலைய ஆட்டினீங்க."

ஜெயசீலன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அம்மாவுக்குப் போன் போடப் போகிறவன் மாதிரி செல்போனை எடுத்தான், போடாமல் திரும்பச் சட்டைப் பையில் வைத்தான். சோபாவில் உட்கார்ந்தான். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"பொண்ணா, பையனா?"

"பொண்ணு" என்றாள் உஷாராணி. "இதக் கேக்க உங்களுக்கு ரெண்டு வருஷம் ஆயிருக்கு."

ஜெயசீலன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதான். பட்டியலுக்காக இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கும் அழுகை வந்தது. ஆனாலும் அவள் அவனைத் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு அன்றைய தண்ணீரை மாற்றப் போனாள்.