முத்துராமனுக்கு நான் ஒட்டிய அஞ்சலி

என் கணவர் நாகராசு லாரி மோதிச் செத்தபோது இலுப்பூர்ச் சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். துயரத்தில் வாடும் உறவுகள் என்று கீழே முப்பத்தொரு பேர். அண்ணன், அண்ணி, அக்கா, மச்சான், பிறந்து நாற்பது நாளான ஒரு குழந்தைகூட இருந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்று மூன்று முறை படித்தேன். அவரோடு ஏழு வருடம் குடும்பம் நடத்திய செவந்தி அதில் எங்கேயும் இல்லை.

பெயர்களை எழுதிக் கொடுத்தது அவருடைய அண்ணன் முத்துராமன். நான் வேறு சாதி. ரிஜிஸ்டர் ஆபீஸில் நடந்த கல்யாணம் அந்த மனிதருக்குக் கல்யாணமாகத் தெரியவில்லை. நியாயம் கேட்கப் போனேன்.

"எந்தம்பி ஒன்னையக் கட்டுனான்னு இந்தத் தெருவுல ஒருத்தனச் சொல்லச் சொல்லு, பாப்போம்" என்றார் வாசலில் வைத்தே. வேடிக்கை பார்த்த சனம் ஒவ்வொருவராக வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. அன்றிலிருந்து அவர் சாவுக்காகத்தான் காத்திருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நான்கு வருடம் ஆயிற்று. போன மாசியில் மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தார். நான் வேலை பார்க்கும் பிளக்ஸ் கடைக்கே அவர் படம் வந்தது. முதலாளி பிராங்க்ளினின் போனுக்கு முத்துராமன் மகன் அருண்குமார் அனுப்பியிருந்தான். டிசைன் செய்வது யார் என்று அவனுக்குத் தெரியாது. அவர்கள் கேட்ட போஸ்டரை ஒரு பெயர் விடாமல் செய்து கொடுத்தேன். தொழிலில் நான் குறை வைப்பதில்லை.

பிறகு அதே படத்தை எடுத்து இன்னொன்று செய்தேன். எங்கள் பக்கம் ஒரு சாவுக்கு வீட்டார் ஒன்று, நண்பர்கள் ஒன்று, சம்பந்தி வீட்டார் ஒன்று என்று தனித்தனியாகப் போஸ்டர் அடிப்பார்கள். யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. மேலே முத்துராமனின் சிரித்த முகம். அவர் தாடைக்குக் கீழேயே, மாலையும் கழுத்துமாக நானும் நாகராசுவும். 'எங்கள் குடும்பத்தின் மூத்தவருக்குக் கண்ணீர் அஞ்சலி. இவண்: தம்பி மனைவி செவந்தி நாகராசு.' வேறு பெயரே போடவில்லை.

"யாருக்கும்மா இது?" என்றார் பிராங்க்ளின்.

"எனக்குத்தாங்க. எங்க வீட்டுக்காரரோட அண்ணன்."

மறுநாள் காலையில் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு நானே போனேன். பஸ் ஸ்டாண்டில் தொடங்கி, பாடை போகிற வழியெல்லாம் ஒட்டினேன். கை வலிக்க வலிக்கச் சந்தோஷமாக இருந்தது.

பத்து மணிக்கு அருண்குமார் டீக்கடைச் சுவருக்கு வேகமாக வந்தான். போஸ்டரின் ஓரத்தில் நகத்தை விட்டு இழுத்தான். பசை ஈரமாக இருந்தது. எங்கள் படத்தை உரித்தால் அவன் அப்பாவின் வாயும் சேர்ந்து வந்துவிடும்.

"டேய், பொணம் இன்னும் வீட்ல கெடக்கு. அதுக்குள்ள அப்பன் மொகத்தைக் கிழிக்கிறியே!" என்று பெஞ்சிலிருந்து ஒருவர் சத்தம் போட்டார்.

அவன் கையை எடுத்துவிட்டு, பக்கத்தில் வாளியோடு நின்ற என்னிடம் வந்தான்.

"சித்தி, நீங்களே எடுத்துருங்க."

பதினொரு வருடத்தில் அவன் வாயில் ஒரு தடவையும் வராத சொல். என் வயிறு குளிர்ந்தது. ஆனால் ஆத்திரம் தீரவில்லை.

"சத்தமாச் சொல்லுப்பா. அங்கிட்டு ஒக்காந்திருக்கவங்களுக்குக் கேக்கல."

தலையைக் குனிந்துகொண்டே கத்தினான். "எடுத்துருங்க சித்தி!"

டீக்கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"நான் எப்புடிப்பா எடுப்பேன்? ஒங்கப்பா மொகமாச்சே" என்றேன். அடுத்த சுவருக்கு இன்னும் ஆறு போஸ்டர் மிச்சம் இருந்தது.